இலவச காமிக்ஸ் தினம்: அந்த இலவசத்துக்குக் காசு கொடுப்பது யார்?

(ஒலிப்பதிவில் இருந்து எழுத்தாக்கிச் சுருக்கப்பட்டது. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோட் கேட்டுட்டு ஒரு நேயர் எழுதியிருந்தாங்க: "மே மாசம் முதல் சனிக்கிழமை அமெரிக்காவுல காமிக்ஸ் கடைக்குப் போனா சும்மாவே புத்தகம் தர்றாங்களாமே, அது எப்படிங்க கட்டுப்படியாகுது?" ரொம்ப நல்ல கேள்வி. இன்னைக்கு முழுக்க அதைத்தான் பேசப்போறேன். நான் நியூ ஜெர்சியில ஒரு சின்ன காமிக்ஸ் கடையில சனிக்கிழமைகள்ல வேலை பார்க்கிறவன். அதனால இந்த விசேஷத்தை வரிசையில நிக்கிற பக்கம் இருந்தும் தெரியும், கல்லாவுக்கு உள்பக்கம் இருந்தும் தெரியும். உள்பக்கத்துல இருந்து பார்க்கும்போது அது வேற மாதிரி இருக்கும்.

முதல்ல ஒரு விஷயம். அந்தப் புத்தகங்கள் உங்களுக்குத்தான் இலவசம். கடைக்காரருக்கு இல்லை. ஒவ்வொரு பிரதிக்கும் அவர் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். ரொம்பக் குறைந்த விலைதான், பத்து இருபது சென்ட்டில் இருந்து அரை டாலர் வரைக்கும் ஆகும். பதிப்பகங்கள் அச்சுக்கூலி அளவுக்கோ அதுக்கும் கீழேயோ விலை வைக்கின்றன. ஆனா ஒரு பிரதி, ரெண்டு பிரதின்னு யாரும் வாங்கறதில்லை. ஆயிரம், ரெண்டாயிரம்னு வாங்கணும். அனுப்புகிற செலவும் கடைக்காரர் தலையில்தான். வாங்கினது மீந்தா திருப்பி அனுப்பவும் முடியாது.

இந்தத் 'திருப்பி அனுப்ப முடியாது' என்கிற விஷயத்துல கொஞ்சம் நிக்கணும். அமெரிக்க காமிக்ஸ் கடைகளோட மொத்த வாழ்க்கையும் அதுலதான் இருக்கு. ஒரு காலத்துல காமிக்ஸ் எல்லாம் பெட்டிக்கடை, மருந்துக்கடை ஸ்டாண்டுகள்லதான் வித்தது. விற்காத இதழைத் திருப்பிக் கொடுத்துடலாம். 1970-களில் ஃபில் சூலிங் என்கிற நியூயார்க் வியாபாரி பதிப்பகங்களோட ஒரு புது ஏற்பாடு செய்துகொண்டார். எங்களுக்குக் கழிவு கூடுதலா கொடுங்க, விற்காததை நாங்க திருப்ப மாட்டோம், இதுதான் பேச்சு. அந்த ஏற்பாட்டில் இருந்துதான் காமிக்ஸுக்குன்னே தனிக்கடைகள் முளைத்தன. இன்னைக்கும் அதே கணக்குதான். கடைக்காரர் ரெண்டு மூணு மாசம் முன்னாடியே, எந்த இதழ் எத்தனை பிரதி விற்கும்னு ஊகிச்சு ஆர்டர் போடணும். கூடுதலா போட்டா பணம் அலமாரியில தூங்கும். குறைச்சுப் போட்டா வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போயிடுவார். நம்ம ஊர்ல முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வாசகர்கள் சந்தா கட்டி வாங்கற பழக்கம் இருக்குல்ல, அங்க சந்தாவை வெச்சு ஓரளவுக்கு எண்ணிக்கை தெரிஞ்சுடும். இங்க அந்த ரிஸ்க் முழுசும் ஒரு தனி மனுஷர் மேல, அதாவது கடை முதலாளி மேல விழுது.

இப்படிப்பட்ட ஒருத்தர் எதுக்காக காசு கொடுத்து வாங்கி சும்மா கொடுக்கணும்? அதுக்குக் கதையோட ஆரம்பத்துக்குப் போகணும்.

ஐஸ்கிரீம் கடை வாசல் வரிசை

கலிஃபோர்னியாவில் கான்கார்ட் என்கிற ஊரில் ஃப்ளையிங் கலர்ஸ் காமிக்ஸ் என்று ஒரு கடை. அதோட உரிமையாளர் ஜோ ஃபீல்ட். அக்கம்பக்கத்தில் இருந்த பாஸ்கின்-ராபின்ஸ் ஐஸ்கிரீம் கடையில் வருஷத்துக்கு ஒரு நாள் சாயங்காலம் இலவசமா ஒரு ஸ்கூப் கொடுப்பாங்க. அன்னைக்கு வாசல்ல நின்ன வரிசையைப் பார்த்துட்டு, இதை நாம ஏன் செய்யக்கூடாதுன்னு அவருக்குத் தோணியிருக்கு. 2001-ல் வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகையில், காமிக்ஸ் அண்ட் கேம்ஸ் ரீடெய்லர்னு பேரு, அதில் தான் எழுதிவந்த பத்தியில் இந்த யோசனையை எழுதினார்.

யோசனை சாதாரணம்தான். ஆனா அது எந்த நேரத்துல வந்ததுங்கறதுதான் முக்கியம். 1990-களின் தொடக்கத்தில் காமிக்ஸை ஷேர் மாதிரி வாங்கிக் குவிச்சாங்க. 1991-ல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் ஆர்டர் ஆனது. எல்லாரும் வெச்சிருக்கிற பொருளுக்கு எப்படி விலை ஏறும்? ஏறலை. கூட்டம் கலைஞ்சுபோச்சு. ஆயிரக்கணக்கான கடைகள் மூடின. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனு போட்டது. விநியோகஸ்தர்கள் ஒருத்தரை ஒருத்தர் விழுங்கி, 1997 வாக்கில் டயமண்ட் என்கிற ஒரே ஒரு பெரிய விநியோகஸ்தர் மிஞ்சினார். அந்தப் புயலுக்குத் தப்பின கடைகளுக்குத்தான் ஜோ ஃபீல்ட் பேசினார். பழைய வாடிக்கையாளர்களையே நம்பி எத்தனை நாள் ஓட்டறது, புது ஆளுங்க உள்ளே வரணுமே என்பதுதான் அவங்களோட கவலை.

ஐஸ்கிரீமுக்கும் காமிக்ஸுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. ஐஸ்கிரீம் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். இலவச ஸ்கூப் ஞாபகப்படுத்தற வேலையை மட்டும் செய்யுது. காமிக்ஸ் கடை வாசப்படியை மிதிக்கவே கூச்சப்படறவங்க நிறைய. உள்ளே போனா எதை எடுக்கறது, யாரைக் கேட்கறது, நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்களோ, இப்படி ஆயிரம் தயக்கம். அதனால இங்க புத்தகம் கொடுக்கறது ஒரு சாக்குதான். உள்ளே வர ஒரு காரணம் கொடுக்கறாங்க, அவ்வளவுதான்.

எந்த நாள்ல வைக்கறதுன்னு பேச்சு வந்தப்போ, இமேஜ் காமிக்ஸின் அப்போதைய பதிப்பாளர் ஜிம் வேலன்டினோ ஒரு யோசனை சொன்னார். ஸ்பைடர்-மேன் படம் வருது, அதோட சேர்த்து வைங்கன்னார். படம் 2002 மே 3, வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் மே 4, சனிக்கிழமை, முதல் இலவச காமிக்ஸ் தினம். அந்தப் படம் முதல் மூணு நாள்லயே 11 கோடி டாலரைத் தாண்டியது. முதல் வார இறுதியிலேயே 10 கோடி டாலர் தாண்டிய முதல் படம் அதுதான். நாடு முழுக்க வலைமனிதன் பேச்சா இருக்கற நேரம் பார்த்து, கடைகள்ல ஸ்பைடர்-மேன் காமிக்ஸ் சும்மா கிடைக்குதுன்னா கேட்கணுமா?

அடுத்த வருஷமும் அதே மாதிரி. 2003 மே 3, அதுக்கு முந்தின நாள் எக்ஸ்-மென் இரண்டாம் படம். 2004-ல படத்தைத் துரத்திக்கிட்டு தேதி ஜூலைக்குப் போச்சு, ஸ்பைடர்-மேன் 2-க்காக ஜூலை 3. அமெரிக்காவுல ஜூலை 4 சுதந்திர தினம். அந்த வார இறுதியில பாதி ஊரு கடற்கரையில இருக்கும், மீதி பேர் வீட்டுப் பின்பக்கம் கறி சுட்டுக்கிட்டு இருப்பாங்க. 2005-ல இருந்து மறுபடி மே முதல் சனிக்கிழமைக்கே வந்துட்டாங்க. என்னைக் கேட்டா அதுதான் சரி. தேதி நிலையா இருந்தாத்தான் அது திருவிழா. நம்ம ஊர்ல தேர் எப்போன்னு யாரும் நோட்டீஸ் பார்த்துத் தெரிஞ்சுக்கறதில்லை பாருங்க.

600 டாலர் கணக்கு

இப்போ பணத்துக்கு வருவோம். இது எங்க கடைக் கணக்கு இல்லை. புரியறதுக்காக ஒரு உதாரணம், எண்களை முழுசாக்கி வெச்சுக்கறேன்.

ஒரு சின்னக் கடை 1,500 பிரதி வாங்குதுன்னு வெச்சுக்கோங்க. சராசரியா பிரதிக்கு 35 சென்ட். 525 டாலர் ஆச்சு. அனுப்புகிற செலவு, பை, நோட்டீஸ் எல்லாம் 75 டாலர். மொத்தம் 600. வேலையாட்களுக்குக் கூடுதல் சம்பளத்தைக் கணக்குல சேர்க்கலை.

இந்த 600-ஐ எப்படித் திரும்ப எடுக்கறது? சாதாரண மாத இதழ் ஒண்ணு இப்போ 4.99 டாலர் வாக்கில் விக்குது. சுமாரா பாதி கடைக்காரருக்குன்னு வெச்சா, ஒரு இதழுக்கு 2.50 நிக்கும். அப்போ 240 இதழ் விக்கணும், போட்ட காசு வர. 15 டாலர் விலையுள்ள கிராஃபிக் நாவலா இருந்தா ஒண்ணுக்கு 7.50, 80 புத்தகம் வித்தா போதும். கூட்டம் வர்ற நாள்ல 80 புத்தகம்ங்கறது நடக்கக்கூடியதுதான். ஆனா அன்னைக்குத் தள்ளுபடியும் போட்டிருப்பாங்க, அப்போ லாபம் பாதியா சுருங்கும், எண்ணிக்கை கூடணும்.

இன்னொரு வழியா பாருங்க. காமிக்ஸ் கடைகள்ல 'புல் லிஸ்ட்'னு ஒண்ணு இருக்கு. வாடிக்கையாளர் தனக்கு வேணும்ங்கற தொடர்களோட பட்டியலைக் கொடுத்துட்டுப் போவார். புதன்கிழமை புது இதழ்கள் வந்ததும் கடைக்காரர் அதை எடுத்து அவர் பேர் போட்ட இடத்துல வெச்சிருப்பார். முன்கூட்டியே ஆர்டர் போடறவருக்கு, இன்னார் இதை வாங்குவார்ங்கற உறுதியை விட வேறென்ன வேணும்? அப்படி மாசம் நாலு இதழ் வாங்கற ஒரு ஆள் கிடைச்சா, மாசம் 10 டாலர், வருஷத்துக்கு 120 டாலர் நிக்கும். அஞ்சு பேர் சேர்ந்தா 600.

அஞ்சே பேர். ஐந்நூறு பேர் வந்து போற ஒரு நாள்ல, ஒரு வருஷம் தொடர்ந்து வர்ற அஞ்சு பேரைப் பிடிச்சா போதும். அவங்களைப் பிடிக்கலைன்னா அன்னைக்கு வாசல்ல நின்ன வரிசைக்கு அர்த்தமே இல்லை. அதனாலதான் இது ஆடித் தள்ளுபடி மாதிரி கிடையாது. ஆடித் தள்ளுபடியில அன்னைக்கே கல்லா நிறைஞ்சா வேலை முடிஞ்சது. இதுல ஜூன் மாசம்தான் ரிசல்ட் தெரியும்.

பதிப்பகங்களுக்கும் செலவு இருக்கு, அதையும் சொல்லிடணும். அச்சடிச்சு விலைக்குக் கீழே கொடுக்கறாங்க. பெரிய பதிப்பகத்துக்கு அது விளம்பரச் செலவு. மூணு நாலு பேர் நடத்தற சின்னப் பதிப்பகத்துக்கு அது பெரிய பந்தயம். தலைப்புகளை 'கோல்டு', 'சில்வர்'னு ரெண்டு வகையா பிரிச்சு, கோல்டு தலைப்புகளை எல்லாக் கடையும் எடுக்கணும்னு எதிர்பார்ப்பாங்க. சில்வர்ல கடைக்காரர் தனக்கு வேணும்ங்கறதைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் வருஷம் நாலு பெரிய பதிப்பகங்கள் ஆளுக்கொரு தலைப்பா ஆரம்பிச்சது, பின்னாடி ஐம்பது தலைப்பு அளவுக்குப் போச்சு.

என்ன கொடுக்கிறோம் என்பது

ஐம்பது தலைப்பும் ஒரே தரமா இருக்காது. என் அனுபவத்துல மோசமான இலவச காமிக்ஸ் எதுன்னா, பெரிய பதிப்பகங்கள் கோடையில வரப்போற பெரிய சம்பவத்துக்கு முன்னோட்டம்னு போடறாங்களே, அதுதான். எட்டுப் பக்கம் சண்டை, பத்து வீரர்கள், யார் என்னன்னு தெரியாது, கடைசிப் பக்கத்துல 'தொடரும்'. ஏற்கெனவே படிக்கிறவனுக்கு அது தேன். புதுசா வந்தவங்களுக்கு அது மூடின கதவு. அவங்க படம் பார்த்துட்டு வந்து, 'முதல் பாகம் இருக்கா'ன்னு கேட்பாங்க. அறுபது வருஷமா வர்ற தொடருக்கு எதை முதல் பாகம்னு எடுத்துக் கொடுக்கறது?

நல்லா வேலை செய்யறது குழந்தைகள் புத்தகங்கள். ஒரு கதை, ஆரம்பிச்சு முடியணும். அமெரிக்காவுல இப்போ குழந்தைங்க காமிக்ஸ் படிக்கலைன்னு சொல்லவே முடியாது. டேவ் பில்க்கியோட 'டாக் மேன்', ரெய்னா டெல்கெமியரோட புத்தகங்கள் எல்லாம் பள்ளிக்கூடப் புத்தகக் கண்காட்சியிலயும் நூலகத்துலயும் பறக்குது. அவங்களுக்கு 'காமிக்ஸ் கடை'ன்னு ஒரு இடம் இருக்குங்கறதுதான் தெரியாது. மாங்கா படிக்கிற பதின்வயசுப் பசங்களுக்கும் அதே கதை. பெரிய புத்தகக் கடையிலயும் ஆன்லைன்லயும் வாங்கிப் பழகினவங்க. இந்த ரெண்டு கூட்டத்தையும் உள்ளே கூட்டிட்டு வர்றதுதான் இப்போ இந்தத் தினத்தோட வேலை. கேப் மாட்டின வீரர்களோட ரசிகன் எப்படியும் புதன்கிழமை வருவான்.

குழந்தைகள்னு வந்துட்டா ஜாக்கிரதையும் வேணும். இது வெறும் உபதேசம் இல்லை. ஜார்ஜியா மாநிலத்தில் ரோம் என்ற ஊரில் 2004-ல் நடந்த சம்பவம். அந்த வருஷ இலவச காமிக்ஸ் தினத்துக்கு வந்த புத்தகங்கள் ஒரு கடையில் மீந்திருந்தன. ஹாலோவீன் அன்னைக்கு ஊர்க் கடைத்தெருவில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கற நிகழ்ச்சி. மிட்டாயோட காமிக்ஸும் கொடுத்தாங்க. ஆயிரக்கணக்கான பிரதிகளில் 'ஆல்டர்நேட்டிவ் காமிக்ஸ்' என்ற தொகுப்போட ஒரு பிரதியும் கலந்து ஒரு சின்னப் பையன் கைக்குப் போய்விட்டது. அதில் நிக் பெர்டோஸ்ஸியின் 'தி சலூன்' கதையில் இருந்து ஒரு பகுதி. ஓவியர் பிக்காஸோ ஆடை இல்லாமல் நிற்கிற காட்சி. பாலியல் காட்சி எதுவும் இல்லை, வெறும் நிர்வாணம்தான். கடைக்காரர் மேல கிரிமினல் வழக்கு. மூணு வருஷத்துக்கு மேல இழுத்து, 2007-ல் விசாரணை பாதியில் நின்று, 2008 ஏப்ரலில்தான் தள்ளுபடி ஆனது. வழக்கை நடத்திக்கொடுத்தது காமிக் புக் லீகல் டிஃபென்ஸ் ஃபண்ட் என்கிற அமைப்பு. அவங்களுக்கு ஆன செலவு மட்டும் ஒரு லட்சம் டாலர்.

பிரதிக்கு அரை டாலர் கூடப் போகாத ஒரு இலவசப் புத்தகம். அதனாலதான் எங்க கடையில ரெண்டு மேஜை. ஒண்ணு வாசலுக்குப் பக்கத்துல, குழந்தைகளுக்கு, முழங்கால் உயரத்துல. இன்னொண்ணு உள்ளே தள்ளி, பெரியவங்களுக்கு, பக்கத்துலயே ஒருத்தர் நிப்பார். ஆர்டர் புத்தகத்துல ஒவ்வொரு தலைப்புக்கும் வயசு குறிச்சிருப்பாங்க. எங்க முதலாளி அதை நம்பறதில்லை. கட்டு வந்ததும் ஒவ்வொரு தலைப்புலயும் ஒரு பிரதி எடுத்து, அட்டையில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தானே படிப்பார். ரெண்டு சாயங்காலம் ஆகும். 'இதுதான் இந்த வேலையிலயே நல்ல பகுதி'ம்பார்.

அந்த ஒரு நாள்

சனிக்கிழமைக்கு முன்னாடி கொடுக்கக்கூடாதுன்னு விதி. புத்தகம் கொஞ்ச நாள் முன்னாடியே வந்துடும். பின்னட்டையில கடை பேரை முத்திரை குத்தறதுக்கு இடம் விட்டிருப்பாங்க. 1,500 முத்திரை. கை வலிக்கும், ஆனா அந்த முத்திரைதான் வீட்டுல ரெண்டு மாசம் கழிச்சு யாராவது புரட்டும்போது கடையை ஞாபகப்படுத்தும்.

காலையில கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வரிசை நிக்கும். முதல்ல நிக்கிற பத்துப் பேர்ல ரெண்டு மூணு பேர் ஈபேயில விக்கறதுக்குன்னே வர்றவங்க. அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள ஆன்லைன்ல அஞ்சு டாலர், பத்து டாலர்னு போட்டிருப்பாங்க. சில கடைக்காரங்களுக்கு இதுல பயங்கர கோபம். எனக்கு அவ்வளவு கோபம் வர்றதில்லை. ஆளுக்கு இத்தனைதான்னு ஒரு எண்ணிக்கை வெச்சு, ஒரு தலைப்புல ஒண்ணுதான்னு சொல்லிட்டா, அவங்களால பெருசா எதுவும் செய்ய முடியாது. ஆனா அந்த எண்ணிக்கை எத்தனைங்கறதுதான் சண்டை. மூணா, அஞ்சா? குறைச்சா, நாலு குழந்தையோட வந்த அம்மா முகம் வாடும். கூட்டினா மத்தியானம் ஒரு மணிக்கு மேஜை காலி. ரெண்டு மணிக்கு வர்றவர்தான் பெரும்பாலும் தயங்கித் தயங்கி வர்ற புது ஆள். விடியற்காலையில வரிசையில நிக்கிறவருக்குக் கடை ஏற்கெனவே தெரியும். அதனால நாங்க கட்டைப் பிரிச்சு, மூணுல ஒரு பங்கை உள்ளேயே வெச்சிருந்து மத்தியானத்துக்கு மேல எடுப்போம்.

எல்லா வருஷமும் ஒருத்தராவது அலமாரியில இருந்து நாற்பது டாலர் புத்தகத்தை எடுத்துக்கிட்டு அப்படியே கிளம்புவார். திருட்டு இல்லைங்க, நிஜமாவே எல்லாம் இலவசம்னு நெனைச்சு வந்திருப்பார். 'இந்த மேஜையில இருக்கறது மட்டும்தான் சார்'னு சொல்றதுக்கே ஒரு தனித் திறமை வேணும். முகத்துல அடிச்ச மாதிரி சொன்னா அவர் திரும்ப வரமாட்டார். அவர் கையில இருக்கற புத்தகத்தைப் பார்த்து, 'நல்ல புத்தகம் எடுத்திருக்கீங்க, அதுக்கு இன்னைக்கு 20 சதவீதம் தள்ளுபடி இருக்கு'ன்னு ஆரம்பிக்கணும். அப்படிப் பேசினதுல பில் போட்டுட்டுப் போனவங்க உண்டு.

ஸ்டார் வார்ஸ் வேஷம் கட்டி வர்ற 501-வது லீஜியன்னு ஒரு தன்னார்வக் குழு இருக்கு. காசு வாங்க மாட்டாங்க, தர்ம காரியத்துக்கு நன்கொடை கேட்பாங்க. மே 4 ஸ்டார் வார்ஸ் தினம்ங்கறதால அந்த வாரம் அவங்களுக்குக் கிராக்கி ஜாஸ்தி, முன்கூட்டியே சொல்லி வெக்கணும். உள்ளூர் ஓவியர்கள் வந்து உட்கார்ந்து வரைஞ்சு கொடுப்பாங்க. சில கடைகள் ஒரு டின் உணவு கொண்டுவந்து ஏழைகளுக்கான உணவு வங்கிக்குக் கொடுத்தா கூடுதலா ஒரு காமிக்ஸ்னு வைப்பாங்க. வேஷம், போட்டோ எல்லாம் கூட்டத்தைச் சேர்க்கும். ஆனா கூட்டம் போட்டோ எடுத்துட்டு அப்படியே கிளம்பிடும். யாராவது ஒருத்தர் கவுண்டரை விட்டு வெளியில வந்து, 'உங்க பொண்ணு என்ன மாதிரிக் கதை படிப்பா?'ன்னு கேட்டாத்தான் அந்த அஞ்சு பேர் கிடைப்பாங்க. அதனால அன்னைக்கு எனக்கு பில் போடற வேலை கிடையாது. கடைக்குள்ள சுத்திக்கிட்டே பேசறதுதான் என் வேலை.

2020-க்கு அப்புறம்

2020 மே மாசம் இந்தத் தினம் நடக்கலை. கொரோனா. மார்ச் கடைசியில டயமண்ட் புது இதழ்களை அனுப்பறதையே நிறுத்திட்டாங்க, மே 20 வாக்கில்தான் திரும்ப ஆரம்பிச்சாங்க. ரெண்டு மாசம் புதன்கிழமைன்னு ஒண்ணே இல்லாம இருந்தது. இலவச காமிக்ஸை ஒரே நாள்ல கொடுத்தா கூட்டம் சேரும்னு, ஜூலை 15-ல இருந்து செப்டம்பர் 9 வரைக்கும் வாரத்துக்குச் சில தலைப்புகளா பிரிச்சுக் கொடுத்தாங்க. 2021-ல ஆகஸ்ட் 14. 2022-ல தான் மறுபடி மே.

அந்த இடைவெளியில வியாபாரத்தோட அடித்தளமே மாறிப்போச்சு. 2020-ல டிசி காமிக்ஸ் டயமண்டை விட்டு விலகினது. 2021-ல மார்வெல், பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் மூலமா விநியோகத்தை மாத்திக்கிட்டது. முன்னே ஒரே விநியோகஸ்தர், ஒரே பில், ஒரே லாரி. இப்போ புதன்கிழமைச் சரக்கே பல இடத்துல இருந்து, பல கணக்குல வருது. கழிவு வீதம் வேற, அனுப்பற செலவு வேற, அட்டைப்பெட்டியோட நிலைமையும் வேற வேற. 2025 ஜனவரி 14 அன்னைக்கு டயமண்ட் திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது. அந்த மே மாசம் 3-ஆம் தேதி இலவச காமிக்ஸ் தினம் நடந்தது, வரிசையும் நின்னது. ஆனா கல்லாவுக்கு உள்பக்கம் இருந்தவங்க மனசுல வேற ஓடிக்கிட்டிருந்தது. இருபது வருஷத்துக்கு மேல இந்தத் தினத்தை ஒருங்கிணைச்ச நிறுவனமே நீதிமன்றத்துல நிக்குது. சின்னப் பதிப்பகங்களுக்கு வரவேண்டிய பாக்கி, அவங்க கிடங்குல வெச்சிருந்த சரக்கு, எல்லாம் வழக்குக்குள்ள மாட்டிக்கிச்சு.

ஆர்டர் படிவத்தை நிரப்பற நேரத்துல எங்க முதலாளிகிட்ட நான் கேட்டேன், 'இந்த வருஷம் விட்டுடலாமா?'ன்னு. 600 டாலர்னா சின்னக் கடைக்குச் சின்னத் தொகை இல்லை, அதுல ஒரு மாச மின்சாரக் கட்டணம் கட்டலாம். அவர் பதில் சொல்லாம புல் லிஸ்ட் கார்டுகளை எடுத்துப் புரட்டினார். எங்க கடையில கார்டுல யார் எப்போ சேர்ந்தாங்கன்னு தேதி போட்டிருக்கும். மே மாசத் தேதி போட்ட கார்டுகளை மட்டும் தனியா எடுத்து மேஜையில வெச்சார். கட்டு ஒண்ணும் பெருசா இல்லை. ஆனா அதுல அப்பா பேர்ல ஒரு கார்டு, பல வருஷம் தள்ளி அதே குடும்பப் பேர்ல மகள் பேர்ல ஒரு கார்டு. 'குறைச்சுப் போடு, ஆனா குழந்தைங்க தலைப்பைக் குறைக்காதே'ன்னார்.

அதனால படிவத்துல வீரர்கள் முன்னோட்டத்தைப் பாதியா வெட்டினோம். குழந்தைகள் புத்தகம் பழைய எண்ணிக்கையே. மீந்தா என்ன பண்றதுங்கறதையும் இப்பவே பேசி வெச்சாச்சு. பக்கத்துல இருக்கற ஆரம்பப் பள்ளி நூலகத்துக்கு ஒரு பெட்டி, ஊர் நூலகத்துக்கு ஒரு பெட்டி, மீதி அக்டோபர்ல ஹாலோவீனுக்கு. ஹாலோவீன் பெட்டியில போறதை மட்டும் முதலாளி மறுபடி ஒருமுறை பக்கம் பக்கமா பார்ப்பார்.

அடுத்த எபிசோட்ல பழைய இதழ்களுக்கு விலை எப்படி வைக்கறாங்க, பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள அடைச்சு மார்க் போட்டு விக்கறாங்களே, அதைப் பத்திப் பேசலாம்.